ராண்டும் சென்ட்டும் தனித்தனிப் பத்தியில்: ஏழு வருட எக்செல் அனுபவம்

கணக்கு 1 ராண்ட் 44 சென்ட் உதைத்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் கோயில் சங்கத்தின் ரொக்கக் கணக்கை நான் எக்செல்லுக்கு மாற்றிய முதல் மாதம் அது, 2018. பொருளாளர் அங்கிளின் கையெழுத்துப் பேரேடு ஒரு மொத்தம் சொன்னது. என் லேப்டாப் அதைவிட 1.44 குறைவாகச் சொன்னது. தமிழ்நாட்டில் பி.காம். படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து எனக்கு அப்போது ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கம்ப்யூட்டர் கூட்டலில் தப்பு செய்யாது, அங்கிள்தான் எங்கேயோ விட்டிருப்பார் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அங்கிள் வாக்குவாதத்துக்கே வரவில்லை. "ஒன்பதால் வகுத்துப் பாரும்மா" என்றார், ஆங்கிலத்தில்தான். அவருக்குத் திருப்புகழ் மனப்பாடம், ஆனால் பேச்சு ஆங்கிலம். இங்கே அந்தத் தலைமுறையில் பலர் அப்படித்தான். 144ஐ 9ஆல் வகுத்தேன். 16, மீதி இல்லை. "அப்படியானால் கூட்டல் தப்பில்லை. எங்கேயோ பூஜ்யம் விழுந்திருக்கிறது, இல்லாவிட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. போய்த் தேடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தேடினேன். 50 சென்ட் என் தாளில் 5 ஆகியிருந்தது, 45 போச்சு. இன்னொரு இடத்தில் 20 என்பது 2, அதில் 18 போச்சு. மூன்றாவது இடத்தில் 90 என்பது 9, அதில் 81. மூன்றையும் கூட்டினால் 144. ஒரு எண்ணின் கடைசிப் பூஜ்யம் விழுந்தால் பத்துப் பங்கு ஒரு பங்காகிறது, விட்டுப்போவது ஒன்பது பங்கு. 63ஐ 36 என்று மாற்றி எழுதினாலும் வித்தியாசம் 27, அதுவும் ஒன்பதில் அடங்கும். பி.காம். மூன்று வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பூஜ்யம் ஏன் விழுந்தது என்பதுதான் விஷயம். காணிக்கைத் தொகைகளை ஒரே பத்தியில் 125.50, 80.05 என்று வரிசையாக அடித்திருந்தேன். அங்கிளின் பேரேட்டில் ராண்டுக்கு ஒரு பத்தி, சென்ட்டுக்கு ஒரு பத்தி என்பதால் அதே மாதிரி பிரிக்க வேண்டியிருந்தது. 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறதே, புள்ளியைக் காட்டி அதில் வெட்டச் சொன்னேன். ஒரு நொடியில் வேலை முடிந்தது, ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆனால் எக்செல்லுக்கு 125.50 என்று ஓர் எண் கிடையாது. 125.5தான் உண்டு. கடைசிப் பூஜ்யம் நாம் பார்ப்பதற்காகப் பூசுகிற பூச்சு. அந்தப் பத்திக்கு நான் பூச்சும் பூசவில்லை. ஆக 125.5ஐ வெட்டினால் 125, 5. மறுபக்கம் 80.05ஐ வெட்டினால் 80, 05, அந்த 05உம் எண்ணாகி 5. ஐம்பது சென்ட்டும் ஐந்து சென்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருந்தன. கூகுள் ஷீட்ஸில் இருக்கிற 'ஸ்ப்ளிட்' சூத்திரமும் இதே வேலையைத்தான் செய்யும் என்பதை நாலு வருடம் கழித்து இன்னொரு முறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது: பணத் தொகையை எழுத்தாக நினைத்து வெட்டக் கூடாது, எண்ணாக நினைத்துக் கணக்குப் போட்டுப் பிரிக்க வேண்டும். அதுவும் முழுதாகப் புரியவில்லை என்பது அடுத்த மாதமே தெரிந்தது. அதற்கு முன்னால் இந்த இரண்டு பத்திப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'ஒரே பத்தியில் எழுதினால் என்ன, யார் கேட்கிறார்கள்' என்று நானும் அப்போது சலித்துக்கொண்டவள்தான்.

சங்கத்தின் இரும்பு பீரோவில், டர்பனிலேயே கேட்டோ மேனர் என்ற பகுதியில் எங்கள் ஜனங்கள் இருந்த காலத்துப் பேரேடு ஒன்று இருக்கிறது. இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் அங்கிருந்து ஜனங்களை எழுப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது கூடவே வந்தது. அதில் மூன்று பத்தி: பவுண்ட், ஷில்லிங், பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். பன்னிரண்டால் ஒரு முறை, இருபதால் ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும்போது தனித்தனிப் பத்தி இல்லாமல் கூட்டவே முடியாது. எங்கள் தாத்தா காலத்து ரூபாய்-அணா-பைசா மாதிரிதான். 1961 பிப்ரவரி 14 அன்று ராண்ட் வந்தது, ஒரு பவுண்டுக்கு இரண்டு ராண்ட். அந்தத் தேதிக்குப் பிறகு பேரேட்டில் மூன்றாம் பத்தியின் தலைப்பைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்கள். ஷில்லிங் பத்தி சென்ட் பத்தியாகிவிட்டது. ஒரு ஷில்லிங் சுத்தமாகப் பத்து சென்ட். ஆனால் 240 பென்ஸுக்கு 200 சென்ட் என்றால் ஒரு பென்னி ஆறில் ஐந்து சென்ட், அது முழு எண்ணாக வராது. ஆரம்ப இருப்பை மாற்றி எழுதிய அந்த மனிதர் ஓரத்தில் சின்னதாக ஒரு திருத்தம் போட்டிருக்கிறார். பின்னத்தைப் பக்கத்து முழு எண்ணாக்கும் 'ரவுண்ட்' சூத்திரம் அன்றைக்கே கைப்பட எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்ததும் சிரிப்பு வந்தது. பத்துப் பத்தாக எண்ணும் பணத்துக்கு இரண்டு பத்தி தேவையே இல்லை, ஆனால் பழக்கம் நின்றுவிட்டது. அதைப் பார்த்த பிறகு அங்கிளிடம் பத்தியை ஒன்றாக்கலாமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். முழு ராண்டை எடுக்க, பின்னத்தை வெட்டி முழு எண்ணை மட்டும் தரும் 'இன்ட்' சூத்திரம், மிச்சத்தை நூறால் பெருக்கி மறுபடியும் 'இன்ட்'. காகிதத்தில் பார்த்தால் இதில் ஒரு தப்பும் இல்லை. 19.99 என்று ஒரு பில் வந்தது. 19 ராண்ட் சரியாக வந்தது, சென்ட் பத்தியில் 98. ஒரு சென்ட் எங்கே? 19.99இலிருந்து 19ஐக் கழித்தால் 0.99 வர வேண்டும். எக்செல்லில் தசம இடங்களை இழுத்து நீட்டிப் பார்த்தால் 0.989999999999998 என்று நிற்கிறது. கம்ப்யூட்டர் உள்ளே இரண்டின் அடுக்குகளாக எண்ணுவதால் 0.99 போன்ற பின்னங்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ள அதற்கு வழி கிடையாது, பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்றை வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதி நிறுத்திக்கொள்வது போலத்தான். 'இன்ட்' கீழே வெட்டுகிற கத்தி. 98.9999ஐக் கொடுத்தால் இரக்கமே இல்லாமல் 98 என்று சொல்லும். இந்த முறை வித்தியாசம் 1 சென்ட், ஒன்பதில் அடங்காது. அங்கிளின் சூத்திரத்துக்கும் பிடிபடாத தப்பு.

அதற்குப் பிறகு இன்றுவரை நான் மாற்றாத முறை இதுதான். தொகை ஒரே பத்தியில், ஒரே எண்ணாக இருக்கும். பக்கத்தில் மறைத்துவைத்த ஒரு பத்தியில் அதை நூறால் பெருக்கி 'ரவுண்ட்' செய்து முழு சென்ட்டாக ஆக்கிவிடுவேன், 19.99 அங்கே 1999. இனி பின்னம் கிடையாது. 1999ஐ நூறால் வகுத்த ஈவு ராண்ட் பத்திக்கு, 'மாட்' தருகிற மீதி சென்ட் பத்திக்கு. சென்ட் பத்திக்கு '00' என்று வடிவம் கொடுத்தால் 5 என்பது 05 என்று தெரியும், ஐம்பதோடு குழம்பாது. கடைசி மொத்தத்தை ராண்ட் பத்தி, சென்ட் பத்தி என்று தனித்தனியாகக் கூட்டி எடுப்பதில்லை. மறைந்திருக்கும் முழு சென்ட் பத்தியைக் கூட்டி, அந்த ஒரே மொத்தத்தை மேலே சொன்ன மாதிரிப் பிரிக்கிறேன். பேரேட்டுப் பாணியில் சென்ட் பத்தியைக் கூட்டி 385 வந்தால் 85ஐ எழுதி 3ஐ ராண்டுக்கு ஏற்றலாம், அதற்கும் சூத்திரம் இருக்கிறது, தப்பும் இல்லை. ஆனால் நடுவில் ஒருவர் சென்ட் பத்தியில் கை வைத்து ஒரு எண்ணை மாற்றிவிட்டால் மூலத் தொகை ஒன்று, மொத்தம் ஒன்று என்று இரண்டு உண்மை ஆகிவிடுகிறது. முதலில் கூட்டு, அப்புறம் பிரி.

கழித்தல் குறி வரும்போது இன்னொரு வேடிக்கை. கற்பூரம் சப்ளை செய்பவர் 12.40 திருப்பித் தந்தார், நான் அதைச் செலவுப் பக்கமே மைனஸ் போட்டு எழுதினேன். 'இன்ட்' எப்போதும் கீழ்நோக்கிப் போவதால் மைனஸ் 12.40க்கு மைனஸ் 13 தரும். 'மாட்' 60 தரும். மைனஸ் 13உம் பிளஸ் 60 சென்ட்டும் சேர்ந்தால் கணக்குப்படி சரிதான், ஆனால் அச்சடித்த தாளில் 13.60 என்றுதானே யாரும் படிப்பார்கள்? 'ட்ரங்க்' பூஜ்யத்தை நோக்கி வெட்டும், மைனஸ் 12 சரியாக வரும். ஆனால் மைனஸ் 40 சென்ட் மட்டும் வந்தால் ராண்ட் பத்தியில் வெறும் 0, குறியே காணாமல் போய்விடும். இதற்கு ஒரு நீளமான சூத்திரம் எழுதி, இரண்டு மாதம் வைத்திருந்து, பிறகு தூக்கிப் போட்டேன். பழைய பேரேட்டில் மைனஸ் என்பதே இல்லை. திரும்பி வந்த பணம் வரவுப் பக்கம் போகும், அவ்வளவுதான். அதுவே போதும்.

இதுவரை சொன்னது என் லேப்டாப்புக்குள் நடந்த கதை. கோப்பு கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போனதும்தான் நிஜமான தலைவலி.

தென்னாப்பிரிக்காவில் பள்ளிக்கூடத்தில் தசமத்துக்குக் கமா போடச் சொல்லித் தருகிறார்கள். ஆயிரத்துக்கு இடைவெளி. அதாவது 1 250,50. கடையில், பில்லில், பாங்க் தாளில் பெரும்பாலும் புள்ளிதான். விண்டோஸில் வட்டாரம் ('ரீஜன்') என்ற அமைப்பைத் தென்னாப்பிரிக்கா என்று வைத்தால் அது பள்ளிக்கூடத்துப் பக்கம் நிற்கிறது. என் லேப்டாப் இந்தியாவில் வாங்கியது, புள்ளியும் லட்சக் கமாவுமாக 1,25,000.00 என்று காட்டும். ஒரே கோப்பு இரண்டு மெஷினில் இரண்டு விதமாகத் தெரிவதில் ஆபத்தில்லை, கோப்புக்குள் இருக்கும் எண் ஒன்றுதான். சூத்திரத்துக்குள் என் மெஷினில் கமா இருக்கும் இடத்தில் அங்கே அரைப்புள்ளி வரும், அதையும் எக்செல் தானே மாற்றிக்கொள்ளும். ஆபத்து புதிதாக அடிக்கும்போதுதான்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அங்கிள் பதிவு செய்த நாட்களின் மொத்தம் சரியாக இருந்தது. அவருடைய பேத்தி பதிவு செய்த நாட்களில் முழு ராண்ட் தொகைகள் மட்டும் கூடின, சென்ட் உள்ள வரிகள் மொத்தத்தில் சேரவே இல்லை. ஒரே கோப்பு, ஒரே வட்டாரம். பாவம், அந்தப் பெண்ணை எல்லாரும் சந்தேகமாகப் பார்த்தோம். காரணம் விசைப்பலகை. அங்கிள் ஆபீஸ் கம்ப்யூட்டரின் வலது ஓர எண்பலகையில் தட்டுவார். அங்கே இருக்கும் புள்ளி விசையை எக்செல் வட்டாரத்துக்கு ஏற்றபடி கமாவாக எடுத்துக்கொள்கிறது. பேத்தியின் சின்ன லேப்டாப்பில் எண்பலகை கிடையாது, எழுத்து விசைகளுக்கு நடுவில் இருக்கும் புள்ளியை அடித்தாள். அது புள்ளியாகவே நின்றது. கமாவை எதிர்பார்க்கும் எக்செல்லுக்கு 150.50 எண் கிடையாது, வெறும் எழுத்து. கூட்டல் சூத்திரமான 'சம்' தன் பரப்புக்குள் எழுத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். பிழை காட்டாது, சிவப்பு காட்டாது. செல்லுக்குச் செல் பிளஸ் போட்டுக் கூட்டியிருந்தால் 'வேல்யூ' பிழை என்று உடனே கத்தியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கத்துகிற சூத்திரம்தான் பிடிக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி: பத்தியில் இடமா நடுவா என்று எந்தச் சீரமைப்பும் செய்யாமல் விடுங்கள். எண் வலது ஓரம் ஒட்டும், எழுத்து இடது ஓரம் ஒட்டும். தொகைப் பத்தியை அழகுக்காக நடுவில் நிறுத்துகிறவர்கள் தங்கள் கண்ணைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். தொகை எழுதிய செல்களையும் எண்ணாக இருக்கும் செல்களையும் 'கவுன்ட்ஏ', 'கவுன்ட்' இரண்டாலும் எண்ணிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த மாதம் யாரோ புள்ளி அடித்திருக்கிறார்கள்.

பாங்க்கிலிருந்து இறக்கும் கோப்பும் இதே கதைதான். பத்திகளைக் கமாவால் பிரித்து, தொகைகளைப் புள்ளியோடு தருகிறது. ஆபீஸ் மெஷினில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எல்லாம் முதல் பத்தியிலேயே பொதபொதவென்று விழும், ஏனென்றால் அந்த வட்டாரத்தில் பிரிக்கும் குறி அரைப்புள்ளி. இங்கே 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' நிஜமாகவே உதவும். மூன்றாம் படியில் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதில் தசமக் குறி புள்ளி, ஆயிரக் குறி கமா என்று சொல்லிவிட்டால் ஒழுங்காக எண்ணாக்கித் தரும். நான் இரண்டு வருடம் அந்தப் பொத்தானைப் பார்க்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். லிப்ரேஆபீஸ் இந்த விஷயத்தில் மேல், கோப்பைத் திறக்கும்போதே மொழி என்ன, பிரிக்கும் குறி என்ன என்று கேட்டுவிடுகிறது. எக்செல் 2013 முதல் 'நம்பர்வேல்யூ' என்ற சூத்திரமும் இருக்கிறது. எழுத்தாக நிற்கும் தொகையைக் கொடுத்து, தசமத்துக்கு எது, ஆயிரத்துக்கு எது என்று கூடவே சொன்னால் எந்த வட்டாரத்திலும் ஒரே பதில் தரும்.

பாங்க் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இன்னொரு பேய் உண்டு. R 1 250.00 என்று வருவதில் இடைவெளி மாதிரி தெரிவது இடைவெளி இல்லை, உடையா இடைவெளி என்ற 160ஆம் எண் குறி. வேண்டாத இடைவெளியை நீக்கும் 'ட்ரிம்' அதைத் தொடாது. 'சப்ஸ்டிட்யூட்' போட்டு 160ஐயும், முன்னால் இருக்கும் R எழுத்தையும் எடுத்த பிறகுதான் 'நம்பர்வேல்யூ'விடம் கொடுக்க முடியும். அந்த R எழுத்தைக் கையால் அடிக்கவே கூடாது என்று ஆபீஸ் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆபீஸ் மெஷினில் R அடித்தால் அது பணம், என் மெஷினில் R அடித்தால் அது எழுத்து. பத்தித் தலைப்பில் ராண்ட் என்று ஒரு முறை எழுதினால் போதாதா?

பணக் குறியைப் பற்றிப் பேசும்போது என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாச்சியார்கோவிலில் இரண்டு குத்துவிளக்கு ஆர்டர் செய்தோம். விலை 42,000 ரூபாய். செலவுப் பத்தியில் அந்தச் செல்லுக்கு மட்டும் ரூபாய்க் குறி வடிவம் கொடுத்து எழுதிவிட்டு, எக்செல்லுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மாதக் கடைசியில் கமிட்டி கூட்டத்தில் செலவு எகிறி நின்றது. குறி என்பது எண்ணுக்குப் போட்ட சட்டைதான், 'சம்' சட்டையைப் பார்ப்பதில்லை. 42,000 ரூபாயை 42,000 ராண்டாக மற்ற செலவுகளோடு சேர்த்துக் கூட்டிக் கொடுத்தது. இப்போது ரூபாய்க்குத் தனிப் பத்தி, பணம் அனுப்பிய அன்றைய மாற்று விகிதத்துக்குத் தனிப் பத்தி, அதன் பெருக்கல் ராண்ட் பத்தியில். விகிதத்தை எண்ணாகவே அந்த வரியில் எழுதிவிடுவேன், எங்கிருந்தும் இழுப்பதில்லை. நாளைக்கு விகிதம் மாறினால் போன வருடச் செலவு மாறக் கூடாது.

இந்தப் புத்தியும் ஓர் அடிபட்டு வந்ததுதான். கோயில் போக, தெரிந்தவர் ஒருவரின் மளிகைக் கடைக் கணக்கையும் 2018 முதல் நான் பார்க்கிறேன். அந்த வருடம் ஏப்ரல் 1 அன்று மதிப்புக் கூட்டு வரி 14இலிருந்து 15 சதவீதமானது. வரி விகிதத்தை ஒரே செல்லில் வைத்து எல்லாச் சூத்திரமும் அதைப் பார்க்கும்படி அமைத்திருந்தேன், பாடப் புத்தகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். 14ஐ அழித்து 15 என்று அடித்தேன். மார்ச் மாத பில்கள் எல்லாம் ஒரே தட்டில் புது வரிக்கு மாறிவிட்டன! அதிலிருந்து தேதிவாரியாக விகிதப் பட்டியல் வைத்திருக்கிறேன். 2025இல் மே 1 முதல் 15.5 என்று அறிவித்து, ஏப்ரல் கடைசியில் வேண்டாம் என்று விட்டார்களே, அப்போது நான் செய்த வேலை பட்டியலில் ஒரு வரிசை சேர்த்து, பிறகு அதை நீக்கியது மட்டும்தான்.

மளிகைக் கடையில் ஒரே பில்லை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அரிசி, பருப்பு, காய்கறிக்கு வரி பூஜ்யம். மசாலாப் பொடி, ஊதுபத்திக்கு 15. வரி சேர்த்த விலையிலிருந்து வரியைப் பிரிக்க 15ஆல் பெருக்கி 115ஆல் வகுக்க வேண்டும், 46 ராண்ட் மசாலாவில் 6 ராண்ட் வரி. (நேராக 15 சதவீதம் எடுத்து 6.90 என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.) 19.99 விலையில் மூன்று பாக்கெட் விற்றால் பாக்கெட்டுக்கு 2.61 வரி, மூன்றுக்கு 7.83. ஆனால் 59.97ஐ மொத்தமாக எடுத்துப் பிரித்தால் 7.82. எது சரி என்று என்னைக் கேட்டால், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வருடம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் பில்லுக்கு ஒரு முறைதான் 'ரவுண்ட்'. அதே 59.97ஐ ரொக்கமாகக் கொடுத்தால் கல்லாவில் 59.90தான் விழும். 1, 2 சென்ட் நாணயங்களை 2002இலும், 5 சென்ட்டை 2012இலும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள், கடை கீழே பத்து சென்ட்டுக்கு இறக்கிக்கொள்கிறது. அந்த 7 சென்ட்டுக்கு 'சில்லறைக் கழிவு' என்று ஒரு பத்தி வைக்கும்வரை கல்லாவும் கணக்கும் ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை.

கோயில் தாளில் வரவை உண்டியல், அர்ச்சனை, அன்னதானம், காவடி என்று பிரித்து எழுதும் பத்திகள் இருக்கின்றன. பத்திகளின் மொத்தங்களைப் பக்கவாட்டில் கூட்டினால் மொத்தப் பத்தியின் அடித் தொகை வர வேண்டும். வந்ததா என்று பார்க்க ஒரு செல், இரண்டையும் கழித்துப் பூஜ்யமா என்று கேட்கும். சில மாதம் எல்லாம் சரியாக இருந்தும் 'தப்பு' என்றே சொன்னது. உள்ளே போய்ப் பார்த்தால் புள்ளிக்குப் பின் பன்னிரண்டு பூஜ்யம் தாண்டி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும், அதே 19.99இன் சொந்தக்காரன். கழித்ததை இரண்டு தசமத்துக்கு 'ரவுண்ட்' செய்து கேட்டால் வாயை மூடிக்கொள்ளும். நடுவில் மாத மொத்தங்கள் வரும் தாளில் 'சம்' வேண்டாம், 'சப்டோட்டல்' போடுங்கள். தன் இனத்துச் செல்களை அது மறுபடி கூட்டாது. சூத்திரத்தின் முதல் இடத்தில் எண் 9 கொடுத்தால் கையால் மறைத்த வரிகளையும் சேர்க்கும், 109 கொடுத்தால் விட்டுவிடும். இது தெரியாமல் ஒருவர் வரிகளை மறைத்துவைத்து மொத்தம் குறையவில்லையே என்று அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2022இல் கூகுள் ஷீட்ஸுக்கு மாறினோம். மின்வெட்டு ஒரு காரணம். நடுவில் கரண்ட் போய்ச் சேமிக்காத பதிவு போனது எத்தனை தடவை. பெரிய காரணம் வட்டாரம். அங்கே வட்டாரம் கோப்போடு ஒட்டியது, மெஷினோடு இல்லை. அமைப்பில் ஐக்கிய இராச்சியம் என்று ஒரு முறை வைத்தேன், யார் எந்தக் கருவியில் திறந்தாலும் புள்ளி புள்ளிதான், தேதியும் நாள், மாதம் என்ற வரிசையில். பேத்திக்கும் நிம்மதி. குறை என்றால் அச்சு எடுப்பது. இரண்டு பத்தி பேரேட்டுப் பக்கத்தை எக்செல் அளவுக்கு நேர்த்தியாக அதில் அச்சடிக்க எனக்கு இன்னும் கைவரவில்லை. அதனால் வருடக் கடைசி அச்சுக்கு மட்டும் பழையபடி எக்செல்.

முதலில் கூட்டு, அப்புறம் பிரி என்று மேலே அழுத்திச் சொன்னேனே, அது செல்லாத ஓர் இடமும் உண்டு. தைப்பூசக் காவடி அன்று நாதஸ்வரம், தவில், சமையல் என்று எல்லாருக்கும் உறையில் போட்டுக் கொடுப்போம். ஐந்து பேருக்கு ஆளுக்கு 370 ராண்ட், மொத்தம் 1850. முதல் வருடம் நான் மொத்தத்தைத் தாள்களாகப் பிரித்து, ஒன்பது 200, ஒரு 50 என்று பாங்க்கில் வாங்கி வந்துவிட்டேன். அன்னதான வரிசை நீண்டுகொண்டிருக்கிறது, ஐந்து உறையை வைத்துக்கொண்டு ஒன்பது சிறுத்தைப் படத் தாளோடு நான் நிற்கிறேன். ஓர் உறைக்கும் 370 அமையவில்லை. உண்டியலை உடைத்துச் சில்லறை எடுத்தோம். இப்போது ஆளுக்கு ஒரு வரி, தாளுக்கு ஒரு பத்தி: 200, 100, 50, 20, 10, பிறகு நாணயங்கள். ஒவ்வொரு வரியிலும் பெரிய தாளிலிருந்து ஈவு எடுத்து, மீதியை அடுத்த பத்திக்குத் தள்ளுகிற சூத்திரம். அடியில் பத்திக்குப் பத்தி கூட்டினால் ஐந்து 200, ஐந்து 100, ஐந்து 50, ஐந்து 20. அந்தப் பட்டியலோடுதான் பாங்க்குக்குப் போவது. தாள் எண்ணிக்கையைத் தாளின் மதிப்போடு பெருக்கிக் கூட்ட 'சம்ப்ராடக்ட்' இருக்கிறது, 1850 வந்ததா என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்வேன். உண்டியல் எண்ணும்போதும் இதே தாள்தான், திசை மட்டும் தலைகீழ்.

எங்கள் சங்கத்துக்குக் கணக்கு வருடம் பிப்ரவரி கடைசியில் முடியும். காவடி வரவு மொத்தமும் அதற்குச் சற்று முன்னால்தான் வந்து குவியும், அதனால் அந்த வாரம் வீட்டில் என்னோடு யாரும் பேச மாட்டார்கள். 2025 பிப்ரவரிக் கணக்கை இரண்டு பத்தியாக அச்சடித்து அங்கிளிடம் கொண்டுபோனேன். இன்னும் சிவப்புப் பேனாவால் வரிக்கு வரி தொட்டுத்தான் பார்க்கிறார், பேரேட்டையும் கையாலேயே எழுதுகிறார். கடைசி வரிக்கு வந்து, "வித்தியாசம் எவ்வளவு?" என்றார். "பூஜ்யம், அங்கிள்." "ஒன்பதால் வகுத்துப் பார்த்தாயா?" விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். "பூஜ்யமும் ஒன்பதில் அடங்கும்மா, உண்டியலை இன்னொரு தடவை எண்ணு" என்றார்.